இரண்டாம் வாய்தா

என் சித்தி எங்கே போனாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். கைப்பை மடியில் இருக்கும். கழற்றிய செருப்பை, திரும்பிப் போகும்போது கால் நுழைக்க வசதியாக, தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி, மருத்துவமனையில் அப்படி, தன் சொந்த வீட்டிலும் அப்படித்தான்.

"நல்லா சாஞ்சு உக்காரேன்டி, நாற்காலி உன்னைக் கடிக்கவா போகுது?" என்பாள் அம்மா.

"இதோ கிளம்பிட்டேன்க்கா."

கிளம்பவும் மாட்டாள். சாப்பிட்டு, தன் தட்டோடு எங்கள் வீட்டுப் பாத்திரங்களையும் கழுவி, அம்மாவோடு ஒரு சண்டை போட்டு, சமாதானமாகி, பொழுது சாய்ந்த பிறகுதான் போவாள். அத்தனை நேரமும் கிளம்பிக்கொண்டே இருப்பாள்.

சித்தி வேலை பார்த்தது ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய எடைமேடையில். லாரி காலியாக வந்து மேடையில் ஏறும்; ஓர் எடை. சரக்கேற்றி வந்து மறுபடி ஏறும், இன்னோர் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சீட்டில் அச்சடித்து ஜன்னல் வழியாக நீட்டுவாள். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கிலோ அக்கா.

"அக்கா, ஒரு நூறு கிலோவுக்குக் கண்ணை மூடிக்கோயேன்."

"நான் மூடினாலும் மேடை மூடாதுடா. முதல்ல நீ கீழ இறங்கு, உன் தொப்பையும் சேர்ந்து ஏறுது."

வருடத்துக்கு ஒருமுறை அந்த மேடையைச் சோதிக்க ஒரு மெக்கானிக் வருவார். முத்திரை குத்திய இரும்புக் கட்டிகளை நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்து, எண் பிசகுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, பேச்சும் குறைவு. ஒரு வருடம் சோதனை முடிந்தும் கருவிப் பெட்டியை மூடாமல் நின்றிருக்கிறார். மேடையில் ஏதாவது கோளாறா என்று சித்தி கேட்டாள். "மேடை சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் போன வருஷத்துலேர்ந்து சரியில்ல" என்றார். இந்தக் கதையைச் சித்தி சொல்லும்போதெல்லாம் அம்மா தலையணையை எடுத்து வீசுவாள்.

அப்போது சித்திக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கைக் கம்பெனி தொலைவில் வேறோர் ஊருக்கு மாற்றப்போகிறது என்று பேச்சு. உத்தரவு வருவதற்குள் கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்டு சேர்ந்தே போய்விடலாம் என்றார் அவர். "பதிவு பண்ணாம நான் யார் கூடவும் பெட்டி தூக்க மாட்டேன்" என்று சித்தியும் சொல்லியிருந்தாள். இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டது ஒரே கேள்விதான். "முதல் கல்யாணம் ரத்தானதுக்குக் கோர்ட்டு நகல் எங்கே?"

சித்தி முதலில் வாழ்க்கைப்பட்டது பக்கத்து ஊர் விதைக்கடை வீட்டில். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீடு, ஒரே கடை, ஒரே கல்லாப்பெட்டி. தம்பிதான் சித்தியின் கணவர். கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. "அண்ணனைக் கேக்காம தும்மக்கூட மாட்டார்" என்று சித்தி சொல்வாள். தனிக்குடித்தனம் போகலாம் என்று இவள் கேட்க, அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்று அவர் இழுக்க, இரண்டு வருடம் அதே பேச்சாக இருந்து, ஒருநாள் சித்தி பெட்டியோடு தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது நான் கைக்குழந்தை. பிறகு இரு தரப்பும் பேசி, சேர்ந்து மனுப் போட்டு, கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கினார்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான்.

தாத்தா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அவருடைய இரும்புப் பெட்டியில் நிலப் பத்திரங்கள் இருந்தன, கறுத்துப்போன ஒரு வெள்ளி அரைஞாண் இருந்தது. கோர்ட்டுத் தாள் எதுவும் இல்லை.

"படிச்சவ நீதானே, நீ போ" என்றாள் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேதியியல் படித்தேன். ஆனால் அன்றிலிருந்து வங்கி, மின்சார அலுவலகம், காப்பீடு, யாருடைய பெயரிலோ உள்ள எழுத்துப்பிழை என எல்லாவற்றுக்கும் நான்தான் அனுப்பப்படுகிறேன். எனக்கும் ஒன்றும் தெரியாது என்று சொல்லத் துணிச்சல் வந்ததில்லை. இவர்கள் என் படிப்பை நம்புகிறார்களா, அல்லது தாங்கள் செலவழித்தது வீண்போகவில்லை என்று நம்ப விரும்புகிறார்களா என்று பேருந்தில் போகும்போதெல்லாம் யோசிப்பேன். எப்படியோ, போய்விடுவேன்.

மாவட்டத் தலைநகருக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். குடும்ப நீதிமன்றம் புதுக் கட்டடத்தின் மாடியில். நகல் பிரிவில் ஓர் எழுத்தர், ரப்பர் முத்திரையின் கைப்பிடியால் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"வழக்கு எண்?"

"தெரியாது சார்."

"வருஷம்?"

"நான் பொறந்ததுக்கு அடுத்த வருஷம்னு வீட்டுல சொன்னாங்க."

"உன் பொறந்தநாளெல்லாம் எங்க ரிஜிஸ்டர்ல இல்லம்மா." முத்திரையைக் கீழே வைத்தார். "நீ யாரு? கட்சிக்காரரா?"

"அவங்க அக்கா பொண்ணு."

"குடும்ப வழக்குக் கட்டை அக்கா பொண்ணுக்கெல்லாம் பிரிச்சுக் காட்ட முடியாது. நாளைக்கு எதிர்வீட்டுக்காரன் வந்து நிப்பான், அவனுக்கும் காட்டணும். கட்சிக்காரரே வரணும், இல்லன்னா வக்கீல் வரணும். அடையாள அட்டை வேணும்."

அடுத்த முறை சித்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். எடைமேடையில் ஒருநாள் விடுப்புக் கேட்டு, முதலாளியோடு வாக்குவாதம் செய்து வந்திருந்தாள். தேடுதல் மனு எழுதினேன். முத்திரை வில்லை ஒட்டினோம். எழுத்தர் மனுவைப் படித்துவிட்டு, அந்தக் காலத்தில் இங்கே குடும்ப நீதிமன்றமே கிடையாது, அந்த வழக்குகளெல்லாம் சார்பு நீதிமன்றத்தில் நடந்தவை, கட்டுகள் பழைய கட்டடத்துப் பதிவறையில் கிடக்கின்றன, ஆள் போய்த் தேட வேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்.

அடுத்த வாரம் போனால், தேடுகிற ஆள் விடுப்பு. அதற்கடுத்த வாரம் கட்டு கிடைத்துவிட்டது, ஆனால் வேறு யாருடைய வழக்கோ. இதற்கிடையில் மெக்கானிக்குக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. கெஞ்சி மூன்று மாதம் தள்ளிப்போட்டார். சித்தி அவரிடம் பேசும்போது சிரிப்பாள். போனை வைத்ததும் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடப்பாள். ராசியில்லாதவள் என்று அவர் நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டாள். எடைக்கட்டி தூக்குகிறவர் அவ்வளவு லேசில் களைத்துப்போக மாட்டார் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை எழுத்தர் ஒரு மெல்லிய கட்டை எடுத்து வைத்தார். நூல் இற்றுப்போயிருந்தது. புரட்டினார். மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"விவாகரத்து டிக்ரி இல்லம்மா இதுல."

"கிழிஞ்சு விழுந்திருக்கும் சார், நல்லா பாருங்க" என்றாள் சித்தி.

"விழல. குடுக்கவே இல்ல. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து மனு போட்டீங்க. கையெழுத்து இருக்கு. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் திரும்ப வந்து, ஆமா எங்களுக்குச் சம்மதம்னு ஜட்ஜ் முன்னாடி இன்னொரு தடவ சொல்லணும். அப்பத்தான் ரத்து. அந்த ரெண்டாவது வாய்தாவுக்கு நீங்க வரல."

"அதான் கையெழுத்துப் போட்டோமே?"

"போட்டீங்க. முடிக்கல."

"அப்ப நான் இத்தனை வருஷமா யாரு சார்?"

எழுத்தருக்கு ஒளிவுமறைவு தெரியாது. "அவரோட சம்சாரம்" என்றார்.

கட்டை என் பக்கம் திருப்பினார். கடைசித் தாளில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு வரி. முதல் மனுதாரர் ஆஜர், இரண்டாம் மனுதாரர் ஆஜரில்லை. முதல் மனுதாரர் ஆஜர், இரண்டாம் மனுதாரர் ஆஜரில்லை. இப்படியே சில வரிகள். இறுதியில், இருவரும் ஆஜரில்லை, மனு தள்ளுபடி. முதல் மனுதாரர் விதைக்கடைக்காரர். அவர் வந்திருக்கிறார். நான் அதை வாய்விட்டுப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால் அப்போது சித்தி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்ன எழுதியிருக்கு, என்ன எழுதியிருக்கு" என்று உலுக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில் கை வைத்தாள். அவளுக்கு நினைவிருந்தது. தாத்தாவுக்கு அரசு அலுவலகம் என்றால் பத்திரப் பதிவு அலுவலகம்தான். அங்கே நிலம் விற்றால் கையெழுத்து, கைநாட்டு, அதோடு தீர்ந்தது; விற்றவன் திரும்பிப் போக வேண்டியதில்லை. கோர்ட்டும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். வக்கீல் அடுத்த வாய்தாவுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியபோது, "வக்கீல்னா வாய்தா வாங்கத்தான் செய்வான், அதான் அவன் பொழப்பு. போனா இன்னொரு பீஸ் கேப்பான். நம்ம வேலை முடிஞ்சுது" என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சித்தியிடம் யாரும் சொல்லவில்லை.

"நீ ஏன்க்கா சொல்லல?"

"எனக்கு மட்டும் என்னடி தெரியும்? அப்பா முடிஞ்சுதுன்னார், முடிஞ்சுதுன்னு இருந்தேன்."

இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா இருந்தார். புது மனுப் போட வேண்டும், இவ்வளவு காலம் பிரிந்திருந்ததால் ஆறு மாதக் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றார். ஆனால் முதல் கணவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மறுத்தால் வழக்காடித்தான் வாங்க வேண்டும், வருடக்கணக்காகும். விஷயம் விதைக்கடைக்காரர் கையில் போய் நின்றது.

"நான் போய்ப் பேசவா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நீங்க போனா பத்திரிகை வைக்கப் போன மாதிரி இருக்கும். சும்மா இருங்க" என்றாள் சித்தி.

நானும் சித்தியும் போனோம். கடைவீதியில் அண்ணன் பெயரில் ஒரு பெரிய விதைக்கடை இருந்தது. தம்பி அங்கே இல்லை. எதிர்ச்சாரியில், ஒடுக்கமான இன்னொரு கடையில் இருந்தார். நரைத்த தலை, மடித்துவிட்ட சட்டைக் கை. வெண்டை விதையைத் தராசில் கொட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். கை நின்றது. பிறகு கொட்டி முடித்து, பொட்டலம் கட்டி, வாங்க வந்தவருக்குச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பேசினார்.

"வா. உக்காரு."

"இருக்கட்டும்."

"இது யாரு? அக்கா பொண்ணா? இத்தனூண்டு இருந்தா." என்னைப் பார்த்துச் சிரித்தார். "எம் மூக்குக்கண்ணாடியை உடைச்சவ நீ."

சித்தி வந்த விஷயத்தைத் தரையைப் பார்த்தபடி சொன்னாள். மெக்கானிக்கைப் பற்றியும் மறைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். மேசையில் சிந்தியிருந்த விதைகளை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

சித்தி பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "கடை மாத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

"அண்ணன் வேற, நான் வேறன்னு ஆயிடுச்சு. மேல ரெண்டு ரூம் இருக்கு. சமையலறை தனியா."

"எப்பலேர்ந்து?"

"நீ வாய்தாவுக்கு வராத வருஷத்துலேர்ந்து."

ஏதோ ஒரு லாரி ஒலியெழுப்பிக்கொண்டு போனது. அவர் தொடர்ந்தார்.

"முதல் தடவ நீ வரலன்னதும், உடம்புக்கு ஏதோன்னு நெனச்சேன். அடுத்த தடவயும் வரல. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அவளுக்கு முறிச்சுக்க இஷ்டமில்ல, நாம தனியா வந்தா அவ வந்துடுவான்னு. அண்ணன்கிட்ட அன்னைக்கே பேசிட்டேன். ரெண்டு வருஷமா வராத பேச்சு அன்னைக்கு வந்துச்சு." சிரித்தார். "கோர்ட்டுக்குப் போறதையும் நிறுத்திட்டேன். நாமளே எதுக்குப் போய் முறிச்சுக்கணும்னு."

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாமே?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அனுப்பியிருக்கலாம். கூப்பிட்டு வந்தா, கூப்பிட்டதுக்காக வந்ததா ஆயிடும். அவளா வரட்டும்னு இருந்தேன். அப்படியே இருந்துட்டேன்." சித்தி கையிலிருந்த மனுத் தாளை வாங்கிக்கொண்டார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

திரும்பும் பேருந்தில் சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் நான்தான் ஆரம்பித்தேன்.

"சொல்லிடலாம் சித்தி. உனக்கு வாய்தாவே தெரியாதுன்னு. நீ வேணும்னு பண்ணலயே."

"என்னன்னுடி சொல்றது? எங்கப்பாவுக்கு வக்கீல் மேல நம்பிக்கை இல்ல, அதனால நீங்க இத்தனை வருஷம் மாடியில தனியா சோறாக்கித் தின்னீங்கன்னா?"

"பொய்யை நம்பிட்டு இருக்கறதுக்கு..."

"வாயை மூடு. படிச்சவங்களுக்கு எல்லாத்தையும் சொல்லிட்டாத் தூக்கம் வந்துடும்."

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. நான் கண்டுபிடிக்கப் போனது ஒரு நகல். அது கிடைத்துவிட்டால் ஒரு கல்யாணம் நடக்கும், அவ்வளவுதான் கணக்கு. ஒரு மனிதர் எதை நம்பி வாழ்ந்தார் என்பதை நான் கேட்கவில்லை. அதுவும் சேர்ந்து வந்தது. உண்மையைச் சொல்வது சரியென்றுதான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். யாருக்குச் சொல்வது, எதற்குச் சொல்வது என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை.

ஆறு மாதக் காத்திருப்பைக் குறைத்து, புது மனுவுக்கு இரண்டு வாய்தா கொடுத்தார்கள். முதலாவதில் இருவரும் வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், பேசிக்கொள்ளவில்லை. இரண்டாவது, மெக்கானிக் கிளம்ப வேண்டிய வாரத்தில் விழுந்தது. தவறினால் அவர் தனியாகப் போக வேண்டும். அதற்குப் பிறகு அவர் வருவார், இவள் போவாள் என்றெல்லாம் சித்தி நம்பத் தயாராக இல்லை. ஒருமுறை தள்ளிப்போனது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அன்று காவலாளி கதவைத் திறப்பதற்கு முன்பே நாங்கள் போய்விட்டோம். மாடிப்படியருகே நின்றோம். கூட்டம் சேர்ந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண், அவளிடமிருந்து பத்தடி தள்ளி அந்தக் குழந்தையின் ஜாடையில் ஓர் ஆண். வழக்குகளை அழைக்கத் தொடங்கினார்கள். விதைக்கடைக்காரர் வரவில்லை.

"வர மாட்டார்" என்றாள் சித்தி.

"வருவார்."

"ஏன் வரணும்? நான் வந்தேனா?"

படியில் இறங்கினாள், ஏறினாள். வாசல்வரை போய்ச் சாலையைப் பார்த்தாள். என் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை வாங்கினாள், குடிக்காமல் கொடுத்தாள். கூப்பிட்டுவிட்டார்கள். வக்கீலம்மா உள்ளே ஓடிப்போய், சற்றுத் தள்ளி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். மதியத்துக்குள் வராவிட்டால் வேறு தேதிதான் என்று பதில் வந்தது. சித்தி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "இங்கதான் நின்னிருப்பார், இல்ல?" என்று கேட்டாள். பழைய வழக்கு நடந்தது வேறு கட்டடத்தில். நான் அதைச் சொல்லவில்லை.

அவர் வந்தபோது வேட்டியிலும் முழங்கையிலும் உமி ஒட்டியிருந்தது. ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"லோடு இறங்க நேரமாயிடுச்சு. ரொம்ப நேரமா நிக்கிறியா?"

சித்தி தலையாட்டினாள். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே விளங்கவில்லை.

உள்ளே நீதிபதி இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். சம்மதமா. சம்மதம். கட்டாயப்படுத்தினார்களா. இல்லை. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடமாக நிலுவையில் இருந்தது, பேனா மூடியைக் கழற்றி மாட்டும் நேரத்தில் முடிந்தது.

வெளியே குழாயடியில் அவர் முகம் கழுவினார். துண்டு இல்லை, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். நான் நகரப் பார்த்தேன். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவமெல்லாம் இல்ல. நல்லா இரு" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு ஏன் வரல?"

சித்தி வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு பொய்யாவது சொல்வாள் என்றும் நினைத்தேன். வர மனசில்லை, முறித்துக்கொள்ள மனசில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வாழ்ந்த வருடங்களுக்கு ஒரு பொருளாவது இருக்கும். அவர் ஈரமான முகத்தோடு காத்துக்கொண்டு நின்றார்.

"சொல்றேன்" என்றாள் சித்தி. "இப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஒருநாள் கடைக்கு வந்து சொல்றேன்."

"வா. ஞாயிறுதான் லீவு. அன்னைக்கும் மேலதான் இருப்பேன்."

அந்த வாரமே நகல் கிடைத்தது. பழகிய முகம் என்பதால் எழுத்தர் விரைவாகவே முத்திரை குத்திக் கொடுத்தார். கல்யாணம் பதிவானது. எடைமேடை டிரைவர்கள் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். சித்தி மெக்கானிக்கோடு போய்விட்டாள். நன்றாக இருக்கிறாள். போனில் அவர் பின்னாலிருந்து ஏதோ சொல்ல, இவள் அதற்குச் சிரிப்பது கேட்கிறது.

வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை எங்களைப் பார்க்க வருகிறாள். அவள் வரும் பேருந்து விதைக்கடைக்காரரின் கடைவீதி வழியாகத்தான் வரும். அங்கே நிறுத்தமும் உண்டு. "இறங்கினியா?" என்று கேட்டால், "கூட்டமா இருந்துச்சு, அடுத்த தடவ பாக்கலாம்" என்பாள். ஒருமுறை, "இறங்கினேன், கடை வாசல்வரைக்கும் போனேன்" என்றாள். பிறகு என்ன என்று கேட்டேன். என் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள்.

போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். அம்மா கீரை விதை வாங்கி வரச் சொல்லியிருந்தாள். அவர் விதையை அளந்து பொட்டலம் கட்டினார். சித்தி நலமா என்று கேட்டார். நலம் என்றேன். கொடுத்த நோட்டுக்கு மீதியை எண்ணி வைத்தார். நான் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, "ஏதாவது சொல்லச் சொன்னாளா?" என்றார்.

"இல்ல."

"சரி, அவசரமில்ல" என்றார். அடுத்து நின்றவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பினார்.